வள்ளத்தில் தொடங்குங்கள்: மாதிரிக் கப்பல் கேள்வி - பதில்

மரத்தில் மாதிரிக் கப்பல் கட்டுவது குறித்து இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரை ஊர்களிலிருந்து வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் அளிக்கப்படுகிறது.

கேள்வி: ஐயா, பணி ஓய்வுக்குப் பிறகு மாதிரிக் கப்பல் கட்டும் ஆசை வந்திருக்கிறது. இங்கிலாந்தின் ‘விக்டரி’ போர்க்கப்பலுக்கான பாகங்கள் அடங்கிய பெட்டியை வெளிநாட்டிலுள்ள என் மகன் வாங்கி அனுப்புவதாகச் சொல்கிறான். முதல் முயற்சிக்கு அது பொருந்துமா?
– கீழக்கரை வாசகர்

பதில்: பெட்டி வரட்டும், ஆனால் இப்போதைக்கு அதைப் பிரிக்க வேண்டாம். 1765-இல் நீரில் இறக்கப்பட்டு இன்றும் போர்ட்ஸ்மத்தில் பாதுகாக்கப்பட்டு வரும் அந்தக் கப்பல் மூன்று பாய்மரங்களையும் 104 பீரங்கிகளையும் கொண்டது. பீரங்கிகளும் கயிறுகளும் கண்ணைக் கவர்வதால், புதிதாகத் தொடங்குபவர் அவற்றுக்கு விரைந்து போய்விட நினைப்பார். உடற்பகுதியின் வளைவு பிழையாக அமைந்துவிட்டால், அதன்மேல் எத்தனை நுணுக்கம் செய்தாலும் பிழை மறையாது.

உங்கள் ஊரிலிருந்து ஏர்வாடி வரை கடற்கரையோரம் நடந்து பாருங்கள். பைபர் படகுகள் பெருகிவிட்ட இக்காலத்திலும் கரையேற்றி வைத்த மரவள்ளம் ஒன்றிரண்டு கண்ணில் படக்கூடும். உரியவரிடம் சொல்லிவிட்டு அதை அளந்து கொள்ளுங்கள். முன்முனையாகிய அணியத்தின் உச்சியிலிருந்து பின்முனை வரை நடுக்கோடாக ஒரு நூலை இழுத்துக் கட்டி, அந்த நீளத்தைப் பத்துப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவிலும் படகின் பக்கத்தில் நேராக ஒரு கம்பை நிறுத்தி, பத்து சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒரு முறை அந்தக் கம்பிலிருந்து பலகை வரை உள்ள கிடைத்தூரத்தையும், கம்புக்கும் நடுக்கோட்டு நூலுக்கும் இடையிலுள்ள கிடைத்தூரத்தையும் குறித்துக்கொண்டால், படகின் முழு வடிவமும் உங்கள் குறிப்பேட்டில் வந்துவிடும். கம்பு செங்குத்தாக நிற்கிறதா என்பதைத் தூக்குக்குண்டால் சரிபார்ப்பது அவசியம். எட்டு மீட்டர் வள்ளத்தை 1:20 அளவில் செய்தால் நாற்பது சென்டிமீட்டர் வரும். முதல் மாதிரிக்கு இது கைக்கு அடக்கமான அளவு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் மண்டபத்துக்கோ பாம்பனுக்கோ போனால், பழுதுபார்ப்பதற்காகக் கரையேற்றிய விசைப்படகுகளில் அடிமரமாகிய ஏராவும் விலாக்கட்டைகளாகிய வங்குகளும் பிணைந்திருக்கும் விதத்தையும் அருகில் நின்று பார்க்கலாம். எந்த வரைபடமும் இவ்வளவு தெளிவாகக் கற்றுத்தராது என்பது என் கருத்து.

அடுத்ததாகச் சரக்கேற்றும் பாய்மரக் கலமாகிய தோணியைச் செய்யலாம். திரிகோணமலைக் கடற்படைத் தளத்தில் தலைமைக் கப்பல் கட்டுநராக இருந்த ஜான் ஈடி, 1834-இல் வெளியான தம் கட்டுரையில், சோழமண்டலக் கரைத் தோணியின் நீளம் ஏறத்தாழ 70 அடி என்றும் அகலம் 20 அடி என்றும் குறித்திருக்கிறார். அடிக்குக் கால் அங்குலம் என்ற 1:48 அளவில் இது பதினேழரை அங்குல நீளமும் ஐந்து அங்குல அகலமும் கொண்ட மாதிரியாகும். அதை முடித்த பிறகு மகன் அனுப்பிய பெட்டியைப் பிரியுங்கள்.

கேள்வி: நான் கட்டி வரும் கப்பலில் நடுப்பகுதிப் பலகைகள் சரியாகப் பொருந்துகின்றன. அணியத்தை நெருங்கும்போது ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்கின்றன. வலிந்து அழுத்தினால் பிளந்துவிடுகின்றன. என்ன செய்வது?
– தங்கச்சிமடம் வாசகர்

பதில்: பலகைகள் முழுவதும் ஒரே அகலத்தில் இருப்பதே காரணம். கப்பலின் சுற்றளவு நடுவில் மிகுந்தும் அணியத்தில் குறைந்தும் இருக்கிறது. பலகைகளின் எண்ணிக்கை மட்டும் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். ஆகவே ஒவ்வொரு பலகையையும் முன்னோக்கிக் குறுக்கிச் சீவியாக வேண்டும். ஒரு காகிதப் பட்டையை ஏராவிலிருந்து மேல்விளிம்பு வரை நடுவங்கின்மேல் படிய வைத்து அளந்து பாருங்கள். அது 120 மில்லிமீட்டர் என்றும் பலகையின் அகலம் 5 மில்லிமீட்டர் என்றும் கொண்டால், ஒரு பக்கத்துக்கு 24 பலகைகள் தேவைப்படும். அணியத்தில் அதே அளவு 72 மில்லிமீட்டராக இருந்தால், அங்கே ஒவ்வொரு பலகையும் 3 மில்லிமீட்டர் அகலமே இருக்கலாம். இடையிலுள்ள ஒவ்வொரு வங்கிலும் இவ்வாறே அளந்து குறித்துவிட்டுச் சீவுங்கள். அணியத்தின் அகலம் நடு அகலத்தில் பாதிக்கும் கீழே போவதாகத் தெரிந்தால், மேலும் குறுக்காமல், இரண்டு பலகைகளை ஓரிடத்தில் நிறுத்தி அங்கிருந்து ஒரே பலகையாகக் கொண்டு செல்வதே முறை. பின்புறத்தில் பல கப்பல்களில் இதற்கு நேர்மாறாக இடைவெளி விரியும். அங்கே ஆப்பு வடிவப் பலகையைச் செருக வேண்டும்.

பனையோலை நறுக்கைத் தட்டையாக வளைத்தால் வளையும், விளிம்புவாட்டில் வளைத்தால் மடங்கிக் கசங்கும். மெல்லிய பலகையின் குணமும் அதுவே. நீங்கள் வலிந்து அழுத்தியது விளிம்புவாட்டில்தான் என்று நினைக்கிறேன். வெந்நீரில் சிறிது நேரம் ஊறவைத்து, சூடான குழாயின்மேல் மெல்ல அழுத்தி வளையுங்கள். மரத்தை இளக்குவதில் வெப்பத்துக்கே பெரும்பங்கு. வளைத்த பலகையை அதன் இடத்திலேயே கவ்விவைத்து, நன்றாக உலர்ந்த பின்னரே ஒட்டுங்கள். ஈரத்தோடு ஒட்டினால் காய்ந்து சுருங்கி, இடையே கீறல் விழும். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என மாறி மாறி ஒட்டுவதும் முக்கியம். ஒரு பக்கத்தையே முடித்துக்கொண்டு போனால் ஏரா முறுக்கிக்கொள்ளும். பிறகு அதை நிமிர்த்த வழியில்லை.

கேள்வி: எங்கள் பக்கத்தில் சீமைக் கருவேலம்தான் கொட்டிக் கிடக்கிறது. கரியாக எரிபடும் அந்த மரம் இந்த வேலைக்கு உதவுமா? தேக்கு வாங்கத்தான் வேண்டுமா?
– சாயல்குடி வாசகர்

பதில்: தேக்கு வேண்டியதில்லை. அதன் துளைகள் பெரியவை. கால் மில்லிமீட்டர் துளை 1:48 மாதிரியில் 12 மில்லிமீட்டர் குழியாகத் தோன்றும். சீமைக் கருவேலத்தின் வைரம், அதாவது உள்மரம், கடினமானது, உலரும்போது அதிகம் சுருங்காதது. முடிச்சில்லாத நேரான துண்டு அரிதாகவே கிடைப்பதால் நீண்ட பலகைகளுக்கு ஒத்துவராது; ஆனால் இயல்பாக வளைந்த கிளைகளிலிருந்து வங்கு, சுக்கான், தாங்குமேடை ஆகியவற்றை அறுத்தெடுக்கலாம். நார் வளைவோடு ஓடும்படி அறுங்கள், குறுக்கே வெட்டுப்பட்டால் எளிதில் ஒடிந்துவிடும்.

பலகைகளுக்கு மஞ்சக்கடம்பு, குமிழ், பொம்மை கடையப் பயன்படும் வெப்பாலை ஆகியவை ஏற்றவை. வெண்மரமாகிய வெப்பாலையை அறுத்தவுடன் காற்றோட்டத்தில் உலர்த்தாவிட்டால் கறை படியும், பூச்சியும் துளைக்கும். வெண்காரமும் போரிக் அமிலமும் கரைத்த நீரில் ஊறவைத்து உலர்த்துவது நல்லது. உப்புக்காற்றில் இரும்பு ஆணி துருப்பிடிக்கும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பித்தளை ஊசியையோ மூங்கில் முளையையோ பயன்படுத்துங்கள்.

கேள்வி: மழைக்காலத்தில் விறைப்பாகவும் கோடையில் தொய்ந்தும் போகிறதே என் கப்பலின் பாய்மரக் கயிறு?
– தேவிபட்டினம் வாசகர்

பதில்: பருத்தி நூல் ஈரம் குடித்தால் பருத்து நீளம் குறையும், உலர்ந்தால் தளரும். பாலியெஸ்டர் நூலுக்கு மாறி, தேன்மெழுகை மெலிதாகத் தடவுங்கள். மீன்பிடி நைலான் வேண்டாம். அதில் முடிச்சு நழுவும்.

கேள்வி: கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்த மாதிரிக் கப்பலின் ஈய நங்கூரமும் பீரங்கிகளும் வெள்ளைப் பொடியாக உதிர்கின்றன. கடற்காற்றுதான் காரணமா?
– இராமேசுவரம் வாசகர்

பதில்: பழியைக் கடற்காற்றின்மேல் மட்டும் போட வேண்டாம். மரமும் ஒட்டுப்பலகையும் சிலவகைப் பசைகளும் அசிட்டிக் அமில ஆவியைச் சிறிது சிறிதாக வெளிவிடுகின்றன. மூடிய பெட்டியில் அது தேங்கி, ஈயத்தை அரித்து வெள்ளையான கார்பனேட்டாக மாற்றிவிடுகிறது. பெட்டியின் அடியிலும் மேலும் சிறு துளைகள் இட்டு, தூசி புகாதபடி மெல்லிய வலையால் மூடுங்கள். உதிர்ந்த உறுப்புகளைப் பித்தளையிலோ மரத்திலோ மாற்றிச் செய்துகொள்ளுங்கள். அந்தப் பொடி நச்சுத்தன்மை உடையது. ஊதித் தள்ளாமல் ஈரத்துணியால் துடைத்தெடுத்து, கையைச் சோப்பிட்டுக் கழுவுங்கள். குழந்தைகள் இருக்கும் வீடானால் ஈய உறுப்புகளை இன்றே அகற்றிவிடுங்கள்.