டான்யூப் நதிக் கப்பலுக்கு 6,000 யூரோ போதுமா?

கேள்வி: நானும் மனைவியும் அடுத்த செப்டம்பரில் டான்யூப் நதியில் 7 இரவுக் கப்பல் பயணம் போக நினைக்கிறோம். ஜெர்மனியில் பாஸாவில் ஏறி, ஆஸ்திரியா, ஸ்லோவாக்கியா வழியாக ஹங்கேரியின் புடாபெஸ்ட் வரை போய், மறுபடி பாஸாவிலேயே இறங்குகிறோம். நடத்துவது ஒரு ஜெர்மன் நிறுவனம். மூன்று வேளைச் சாப்பாட்டுடன் ஒருவருக்கு 1,690 யூரோ. விமான டிக்கெட்டுக்குத் தனியாகப் பணம் இருக்கிறது; மற்ற எல்லாவற்றுக்கும் சேர்த்து 6,000 யூரோ ஒதுக்கியிருக்கிறோம். இது போதுமா? ஒருவருக்கு 500 யூரோ கூடுதலாகக் கொடுத்து பால்கனி அறை எடுக்கலாமா? முழுப் பணத்தையும் ஒன்பது மாதம் முன்னதாக இப்போதே கட்டினால் 4% தள்ளுபடி என்கிறார்கள். கட்டலாமா? எங்களுக்கு ஷெங்கன் விசா (பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா) தேவை.

பதில்: 6,000 போதும், பால்கனி எடுக்காத வரை. முழுப் பணம் கட்டுவது பற்றிய பதில், அந்த நிறுவனம் உங்கள் கையில் ஒரு காகிதத்தைக் கொடுக்கிறதா என்பதைப் பொறுத்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் கணக்கு. இருவருக்கும் கப்பல் கட்டணம் 3,380. ஊழியர்களுக்கான டிப்ஸ் கட்டாயம் இல்லை என்றுதான் எழுதியிருக்கும். ஆனால் ஆளுக்கு நாளொன்றுக்கு 10 முதல் 15 யூரோ கொடுப்பதே வழக்கம். 12 என்று வைத்தால் 170. கரையில் இறங்கிப் பார்க்கும் சுற்றுலாக்கள் பல நிறுவனங்களில் தனிக் கட்டணம். ஆளுக்கு நான்கு, ஒன்றுக்கு 60 யூரோ என்றால் 480. சாப்பாடு அடக்கம் என்றால் பானங்களும் அடக்கம் என்று பொருளில்லை. உணவு மேசையில் வரும் தண்ணீர் பாட்டிலுக்குக்கூடக் கணக்கு எழுதுகிற கப்பல்கள் உண்டு. அதற்கு 280. விசாக் கட்டணம் 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்கு 90 யூரோ. இருவருக்கு 180, விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. காப்பீடு 200. ஏறுவதற்கு முந்தைய இரவு விடுதி, ரயில் 250. ஊர்களில் கைச்செலவு 300. மொத்தம் 5,240. மீதி 760.

பால்கனிக்கு 1,000 போனால் இந்த மீதி கரைந்து, 240 யூரோ கையைக் கடிக்கும். கடித்தாலும் பரவாயில்லை என்று சொல்லத்தக்க பொருளாக அது எனக்குத் தோன்றவில்லை. நதிக் கப்பலில் பெரும்பாலும் கிடைப்பது ‘ஃபிரெஞ்சு பால்கனி’. தரையிலிருந்து கூரை வரை ஒரு கண்ணாடிக் கதவு, அதற்கு வெளியே ஒரு கம்பித் தடுப்பு, அவ்வளவுதான்; வெளியே நாற்காலி போட்டு உட்கார இடம் கிடையாது. பாஸாவுக்கும் புடாபெஸ்ட்டுக்கும் நடுவே கப்பல் 11 நீர்ப்பூட்டுகளை (அணைகளில் கப்பலைச் சுவர்களுக்கு நடுவே நிறுத்தி, நீரை ஏற்றி இறக்கி அடுத்த மட்டத்துக்குக் கொண்டுபோகும் அமைப்பு) கடக்க வேண்டும், திரும்பும்போது இன்னொரு 11. பெரும்பகுதி ஓட்டம் இரவில்தான். வியன்னா, புடாபெஸ்ட் போன்ற நெரிசலான துறைகளில் கப்பல்களை ஒன்றோடொன்று ஒட்டி, பக்கவாட்டில் அடுக்கிக் கட்டுவார்கள். அப்போது பால்கனிக் கதவைத் திறந்தால் தெரிவது பக்கத்துக் கப்பல்காரரின் கட்டில். பகலில் உட்கார்ந்து பார்க்கத் தகுந்த பகுதி மெல்க் முதல் கிரெம்ஸ் வரையிலான வாகௌ பள்ளத்தாக்கு, சுமார் 36 கிலோமீட்டர். அந்த நேரத்தில் எல்லோருமே மேல்தளத்தில்தான் இருப்பார்கள்.

அதற்காகக் கீழ்த்தளத்தின் மிக மலிவான அறைக்கும் கண்ணை மூடிக்கொண்டு போகாதீர்கள். அங்கே ஜன்னல் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே இருக்கும், திறக்கவும் முடியாது. பின்பக்க அறைகளில் எஞ்சின் அதிர்வும், முன்பக்க அறைகளில் கப்பலைத் திருப்பும் உந்துவிசைக் கருவியின் உறுமலும் இரவில் ஒவ்வொரு நீர்ப்பூட்டிலும் எழுப்பிவிடும். கேட்க வேண்டியது ‘எந்தத் தளம்’ என்று மட்டுமல்ல; ‘தளத்தின் நடுப்பகுதியில் அறை எண் கிடைக்குமா’ என்று கேளுங்கள். பல சமயம் கூடுதல் பணம் இல்லாமலே கொடுப்பார்கள்.

பணத்துக்கு உண்மையான ஆபத்து நதியின் நீர்மட்டம். தண்ணீர் குறைந்தால் அடி தட்டும், கூடினால் பாலத்துக்கு அடியில் நுழைய முடியாது. டான்யூபின் மேல்பகுதியில் மிகவும் சிக்கலான இடம் ஷ்ட்ராவ்பிங்குக்கும் ஃபில்ஸ்ஹோஃபனுக்கும் இடையே, நீரைத் தேக்கிவைக்க அணை எதுவும் இல்லாத சுமார் 70 கிலோமீட்டர். அது பாஸாவுக்கு மேலே இருப்பதால் உங்கள் பாதையில் வராது. ரேகன்ஸ்பர்க்கிலோ நியூரம்பெர்க்கிலோ தொடங்கும் பயணங்களைவிட நீங்கள் பத்திரம். ஆனால் வாகௌவிலும் வியன்னாவுக்குக் கிழக்கிலும் நதி அணையில்லாமல்தான் ஓடுகிறது. கோடைக் கடைசியிலும் இலையுதிர் காலத்திலும் நீர் குறைவது வழக்கம். நேர்மாறாக, 2024 செப்டம்பரில் பெருவெள்ளத்தால் ஆஸ்திரியப் பகுதியில் கப்பல் போக்குவரத்தே நின்றது. செப்டம்பர் என்றால் எந்தப் பக்கம் சாயும் என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லை.

அப்படி நடந்தால் நிறுவனம் உங்களைப் பேருந்தில் ஏற்றி அடுத்த ஊரைக் காட்டும், அல்லது தடைக்கு அப்பால் நிற்கும் தன் இன்னொரு கப்பலுக்கு மாற்றும், அல்லது கட்டிய இடத்திலேயே கப்பலை விடுதிபோல் நடத்தும். ‘இதற்குப் பணம் திருப்பித் தர மாட்டோம்’ என்று விதிமுறையில் எழுதியிருக்கும். ஒப்பந்தம் ஜெர்மன் நிறுவனத்துடன் என்பதால் நீங்கள் அதை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2015ஆம் ஆண்டுத் தொகுப்புப் பயண (பேக்கேஜ் டூர்) விதிகள் கப்பல் பயணத்துக்கும் பொருந்தும். வெள்ளம் போன்ற தவிர்க்க முடியாத காரணத்துக்கு நஷ்ட ஈடு கேட்க முடியாது; ஆனால் விற்ற பயணம் கிடைக்காத நாட்களுக்கு விலைக் குறைப்பு கேட்கலாம். இரண்டும் வேறு வேறு. பலர் முதலாவதைக் கேட்டு, ‘இயற்கைச் சீற்றம்’ என்ற பதிலோடு திரும்பிவிடுகிறார்கள். குறையைக் கப்பலிலேயே, அன்றைக்கே, வரவேற்பு மேசையில் எழுத்தில் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்குங்கள். எத்தனை மணி நேரம் பேருந்தில் போனது, எந்த ஊர் விட்டுப்போனது என்று குறித்துவையுங்கள். ஜெர்மன் சட்டப்படி கோரிக்கைக்கு இரண்டு ஆண்டு அவகாசம். புறப்படும் முன்பே பாதையைப் பெரிய அளவில் மாற்றினாலோ, விலையை 8 சதவீதத்துக்கு மேல் ஏற்றினாலோ, அபராதமில்லாமல் விலகவும் உரிமை உண்டு.

இப்போது அந்தக் காகிதம். ஜெர்மனியில் அதற்கு ஸிஹெருங்ஸ்ஷைன் என்று பெயர். நிறுவனம் திவாலானால் உங்கள் பணத்தைத் திருப்பித் தருவது யார் என்பதைச் சொல்லும் சான்றிதழ். இதைக் கொடுக்காமல் முன்பணம் வாங்கவே அங்கே சட்டம் அனுமதிப்பதில்லை. அது கையில் இருந்தால் கணக்கு இப்படி: வழக்கமான முறையில் இப்போது 20%, அதாவது 676 யூரோ கட்டி, மீதியைப் புறப்படுவதற்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்பு கட்டலாம். முழுதாகக் கட்டினால் 3,245. கூடுதலாக 2,569 யூரோவை எட்டு மாதம் முன்னதாகக் கொடுத்து 135 மிச்சம் பிடிக்கிறீர்கள். ஆண்டு வட்டியாகப் பார்த்தால் ஏறக்குறைய 8%. மோசமில்லை. ஆனால் இடையில் உடல்நிலை காரணமாக ரத்து செய்தால், பணம் அவர்களிடம் இருக்கும், கேட்டு வாங்க வேண்டியவர் நீங்கள். ஐம்பது வயதுக்கு மேல் என்றால், அல்லது வீட்டில் யாருக்காவது சிகிச்சை நடக்கிறது என்றால், 135 யூரோவை விட்டுவிடுங்கள். சான்றிதழ் வரவில்லை என்றால் 676கூடக் கட்டாதீர்கள்.

விசாவுக்குக் காட்டும் காப்பீடு குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஏற்க வேண்டும். அது விசாவுக்கான நிபந்தனை மட்டுமே. பயணம் ரத்தானால் அதில் ஒன்றும் கிடைக்காது. ரத்துக் காப்பீட்டைத் தனியாகச் சேர்த்து, ஏற்கெனவே உள்ள நோய்கள் பற்றிய பிரிவை வாசித்துவிட்டு வாங்குங்கள். நதிக் கப்பல்களில் பொதுவாக மருத்துவர் இருப்பதில்லை. நெஞ்சுவலி வந்தால் அடுத்த கரையில் ஆம்புலன்ஸ்தான். விண்ணப்பம் அதிக நாள் தங்கும் நாட்டுக்கு; உங்கள் அட்டவணையில் அது ஆஸ்திரியாவாக இருக்கக்கூடும், நாட்களை எண்ணிப் பாருங்கள். பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். நீங்கள் போகும் நான்கு நாடுகளும் ஷெங்கனுக்குள்தான். மனம் மாறி பெல்கிரேட் வரை போகும் கப்பலுக்குத் தாவினால், செர்பியா வெளியே இருப்பதால், ஒருமுறை நுழையும் விசாவோடு திரும்பி வர முடியாது.

ஹங்கேரியில் மட்டும் யூரோ இல்லை, ஃபோரிண்ட். கார்டு இயந்திரமோ ஏடிஎம்மோ ‘உங்கள் நாட்டுப் பணத்தில் கணக்கிடவா’ என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லி ஃபோரிண்டிலேயே முடியுங்கள். இல்லாவிட்டால் மாற்று விகிதத்தை அந்த இயந்திரத்துக்காரர் வைப்பார்.

மீதி 760 யூரோவைத் தொடாமல் வையுங்கள். கடைசி நாள் காலை 9 மணிக்குள் அறையைக் காலி செய்யச் சொல்வார்கள். மியூனிக் விமான நிலையத்துக்குப் பாஸாவிலிருந்து நேர் ரயில் கிடையாது. லாண்ட்ஸ்ஹூட்டிலோ ஃப்ரைசிங்கிலோ மாற வேண்டும். கப்பல் கடைசி நீர்ப்பூட்டில் வரிசையில் நின்றுவிட்டால் அந்த ரயிலும் போய்விடும். விமானம் மாலை 5 மணிக்குப் பிறகு இருக்கட்டும். அதுவும் தவறினால் ஓர் இரவு விடுதிக்கும் டிக்கெட் மாற்றத்துக்கும் இந்தப் பணம்தான்.