பத்து லட்சம் கூட்டி எழுதச் சொல்லலாமா?

அன்புள்ள ஐயா,

அடமானக் கடனுக்காக எங்கள் வீட்டைப் பார்க்க வங்கி ஒரு மதிப்பீட்டாளரை அனுப்பியது. மறைந்த எங்கள் அப்பா 1994-இல் தேக்குக் கதவுகளோடு பார்த்துப் பார்த்துக் கட்டிய வீடு. வந்தவர் அரை மணி நேரம் இருந்தார், மின்மீட்டரைப் படம் எடுத்தார், எதிர்வீட்டில் ஏதோ விசாரித்தார், போய்விட்டார். தரகர்கள் 85 லட்சம் என்கிறார்கள். அறிக்கையிலோ 66 லட்சம்தான். ‘நேரில் பேசினால் பத்து லட்சம் கூட்டி எழுதுவார், பாகம் பிரிக்கும்போதும் அதையே வைத்துக்கொள்ளலாம்’ என்கிறான் தம்பி. செய்யலாமா?

ஒரு வாசகி, தஞ்சாவூர்

அன்புள்ள சகோதரி,

வேண்டாம். இந்தத் தொழிலில் பல காலம் இருந்தவன் என்பதால் அழுத்தமாகவே சொல்கிறேன்.

அந்த அரை மணி நேரத்தைக் குறைவாக எண்ணாதீர்கள். பத்திரம் ஒரு மனைக்கு, காட்டுவது வேறு மனையில் இருக்கும் வீடு என்ற மோசடிகளில் வங்கிகள் பணம் இழந்திருக்கின்றன. மீட்டர் எண் மின்கட்டண ரசீதோடு பொருந்துகிறதா, இது உங்கள் வீடுதானா, குடியிருப்பவர் யார் என்று பார்ப்பதற்கே அந்தப் படமும் விசாரணையும். பத்திரத்தின் நான்கெல்லை தரையில் இருக்கிறதா, புலப்படத்தின் (நில அளவைத் துறையின் வரைபடம்) அளவுக்குள் மதில் நிற்கிறதா, அனுமதி வரைபடத்தில் இல்லாத அறை மாடியில் முளைத்திருக்கிறதா, முன்னால் உள்ள பாதை பொதுப்பாதையா என்பதையெல்லாம் பார்த்த பிறகுதான் விலைக்கே வர முடியும்.

கட்டடத்துக்குத் தேய்மானம் உண்டு. ஆயுள் 60 ஆண்டு, கடைசியில் மிஞ்சுவது 10 சதவீதம் என்று கணக்கிட்டால், முப்பதாவது ஆண்டில் இன்றைய கட்டுமானச் செலவில் 55 சதவீதம்தான் நிற்கும். தேக்குக் கதவு அந்தச் செலவில் ஒரு வரியாகச் சேரும். அப்பாவின் உழைப்பு எந்த வரியிலும் சேராது. உங்களுக்கு வலிப்பது அதுதான் என்று புரிகிறது.

மனையின் விலைதான் உண்மையான சிக்கல். தரகர் சொல்வது கேட்கும் விலை. மதிப்பீட்டாளருக்குத் தேவை நடந்த விற்பனை. அதற்கான ஆதாரம் பத்திரப்பதிவில் இருக்க வேண்டும். ஆனால் நம் ஊரில் கைமாறும் தொகை ஒன்று, அரசு நிர்ணயிக்கும் வழிகாட்டி மதிப்பை ஒட்டிப் பத்திரத்தில் எழுதுவது வேறொன்று. முத்திரைத் தீர்வையை மிச்சம் பிடிக்க நாம் எல்லாரும் மறைத்த பணம், கடன் கேட்கப் போகும் நாளில் நம் மனையின் விலையையும் மறைத்துவிடுகிறது. மதிப்பீட்டாளர் அக்கம்பக்கத்தில் விசாரித்து ஓர் எண்ணுக்கு வருகிறார். அதை வங்கியிடம் காரணத்தோடு நிறுவ வேண்டியவரும் அவரே.

மேலும், வங்கி கேட்பது ஒரு எண் அல்ல. சந்தை மதிப்போடு கட்டாய விற்பனை மதிப்பையும் கேட்கும்: கடன் வாராமல் போய், அவசரமாக விற்றால் எவ்வளவு கிடைக்கும் என்பது. எந்த எண் 66 என்று அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் பாருங்கள். சந்தை மதிப்பே அதுவென்றால், அண்மையில் பக்கத்தில் விற்ற மனையின் பத்திர நகலோடு வங்கிக் கிளையில் மறுபரிசீலனை கேளுங்கள். அது உங்கள் உரிமை. மதிப்பீட்டாளரைத் தனியாகப் பார்ப்பது வேறு விஷயம். மோசடிக்குத் துணைபோன மதிப்பீட்டாளர்களின் பெயர் இந்திய வங்கிகள் சங்கத்தின் எச்சரிக்கைப் பட்டியலுக்குப் போகும். அவர் பிழைப்பே முடிந்துவிடும். உங்களுக்கும் லாபமில்லை. ஊதிப் பெருக்கிய மதிப்பில் வாங்கிய கடனுக்கு ஏலத்தொகை போதாவிட்டால், மிச்சமும் உங்கள் தலையில்தான்.

பாகப்பிரிவினைக்கு இந்த அறிக்கையைத் தொடவே கூடாது. வீட்டை ஒருவர் எடுத்துக்கொண்டு மற்றவருக்குப் பணம் கொடுப்பதென்றால், எண் குறைந்தால் பணம் வாங்குபவருக்கு நஷ்டம். கூடினால் வீட்டை எடுப்பவருக்கு. இருவரும் சேர்ந்து, கட்டணத்தைப் பகிர்ந்து, பதிவு பெற்ற ஒரு மதிப்பீட்டாளரை அமர்த்துங்கள். பாகப்பிரிவினைக்கு என்ற நோக்கமும் மதிப்பிடும் தேதியும் அறிக்கையில் இருக்கட்டும். அதோடு 1.4.2001 அன்றைய மதிப்பையும் எழுதி வாங்குங்கள். 2001-க்கு முன் வந்த சொத்து என்பதால், என்றாவது விற்றால் மூலதன ஆதாய வரிக்கு அந்த மதிப்பையே அடக்க விலையாகக் காட்டலாம். அன்றைய வழிகாட்டி மதிப்பை அது தாண்டக் கூடாது. எனவே சார்பதிவாளர் அலுவலகத்தில் அந்த விவரத்தை முதலில் வாங்கிவிடுங்கள்.