உணர்வு முந்திக்கொள்ளும்போது: முன்தூண்டல் பற்றிக் கேள்வி பதில்

பல ஆண்டுகளாக உளவியல் பாடம் நடத்துகிறேன். ஒரு விஷயத்தில் எழுந்த உணர்வு, சம்பந்தமே இல்லாத இன்னொன்றைப் பற்றிய நம் தீர்ப்பை எப்படிச் சாய்க்கிறது என்று பலர் கேட்டிருந்தீர்கள். அவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: ‘பிரைமிங்’ என்கிறார்களே மேடம், அது ஒருவகை வசியமா?

இல்லை. சற்று முன் பார்த்ததோ உணர்ந்ததோ, அடுத்து வருவதை நாம் எடுத்துக்கொள்ளும் விதத்தை லேசாகச் சாய்ப்பதுதான் முன்தூண்டல். அதைவிடப் பெரிதாக நினைக்க வேண்டாம்.

1993-இல் மர்பி, ஜயான்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் சீன மொழி தெரியாதவர்களுக்குச் சீன எழுத்துகளைக் காட்டி, ‘எவ்வளவு பிடித்திருக்கிறது?’ என்று கேட்டார்கள். ஒவ்வோர் எழுத்துக்கும் முன்னால் ஒரு முகம் 4 மில்லிவிநாடி (விநாடியில் ஆயிரத்தில் நான்கு பங்கு) மட்டும் மின்னி மறைந்தது. முகத்தைப் பார்த்ததாகவே யாருக்கும் தெரியாது. ஆனாலும் சிரித்த முகத்துக்குப் பின் வந்த எழுத்து கூடுதலாகப் பிடித்தது, கோப முகத்துக்குப் பின் வந்தது குறைவாகப் பிடித்தது. அதே முகத்தை 1 விநாடி முழுக்கக் காட்டியபோது இந்தச் சாய்வு காணாமல் போயிற்று.

எனக்கு முக்கியமாகப் படுவது அந்தக் கடைசி வரிதான். முகம் கண்ணுக்குத் தெரிந்துவிட்டால், ‘இந்த உணர்வு அந்த முகத்தால் வந்தது’ என்று மனம் கணக்கை நேர் செய்துவிடும். தெரியாவிட்டால் உணர்வு ஊர் பேர் இல்லாமல் நிற்கும், அடுத்து எதிர்ப்பட்டதன் மேல் ஒட்டிக்கொள்ளும்.

கேள்வி: நான் ஆசிரியை. வீட்டில் சண்டை போட்டுவிட்டு விடைத்தாள் திருத்த உட்கார்ந்தால் மதிப்பெண் குறைந்துவிடுமோ என்று உறுத்துகிறது. இந்தப் பயத்துக்கு அர்த்தம் உண்டா?

உண்டு. ஆனால் எல்லாத் தாளுக்கும் ஒரே அளவில் இல்லை. ஒரு சொல் விடைக்கும் கணக்குக்கும் உங்கள் மனநிலை பெரிதாக ஒன்றும் செய்யாது. கட்டுரை, கருத்து விளக்கம் போன்றவற்றில், ‘இது எப்படி இருக்கிறது?’ என்று உங்களை நீங்களே கேட்டு முடிவெடுக்கும் இடத்தில்தான் அது நுழையும். தீர்ப்பு எவ்வளவுக்கெவ்வளவு திறந்ததாக இருக்கிறதோ, அவ்வளவுக்கவ்வளவு உணர்வு உள்ளே கசியும் என்பது ஜோசப் ஃபோர்காஸ் என்ற உளவியலாளர் முன்வைத்த கருத்து.

இதன் வேர் 1983-இல் ஸ்வார்ஸ், க்ளோர் நடத்திய தொலைபேசி ஆய்வில் இருக்கிறது. வெயில் நாளிலும் மழை நாளிலும் ஆட்களை அழைத்து, வாழ்க்கை திருப்தியாக இருக்கிறதா என்று கேட்டார்கள். மழை நாளில் திருப்தி குறைந்தது. ஆனால் பேச்சுவாக்கில் ‘அங்கே வானிலை எப்படி?’ என்று முதலில் விசாரித்துவிட்டுக் கேட்டபோது அந்தக் குறைவு மறைந்தது. வானிலையைப் பொறுத்தவரை இந்த முடிவு தாங்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2013-இல் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கர்களின் பதில்களை அலசியபோது, அன்றைய வானிலைக்கும் வாழ்க்கைத் திருப்திக்கும் நம்பத்தக்க தொடர்பு தென்படவில்லை. அதனால் மழையை விட்டுவிடுங்கள். உணர்வின் மூலத்தைக் கேட்டால் அதன் பிடி தளரும் என்ற எண்ணத்தை மட்டும் நான் இன்னும் விடவில்லை.

உங்களுக்கு என் யோசனை: மாணவர் பெயரை மறைத்துவிடுங்கள். ஒரே கேள்வியை எல்லாத் தாள்களிலும் முடித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள். முதலில் திருத்திய ஐந்தாறு தாள்களைக் கடைசியில் மறுபடி எடுத்துப் பாருங்கள்.

கேள்வி: கெட்ட மனநிலை என்றால் எல்லாமே கெட்டதாகத் தெரியும், அவ்வளவுதானே?

அப்படித்தான் வெகுநாள் நினைத்தோம். 1983-இல் ஜான்சனும் ட்வெர்ஸ்கியும், ஒரு மரணச் செய்தியைப் படித்தவர்கள் அதற்குத் தொடர்பே இல்லாத ஆபத்துகளையும் கூடுதலாக மதிப்பிடுவதைக் கண்டார்கள்.

‘அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்’ என்கிறோமே, அது அச்சத்துக்குப் பொருந்தும். கோபத்துக்குப் பொருந்தாது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் ஜெனிஃபர் லெர்னர் குழுவினர் 973 அமெரிக்கர்களிடம், ஒரு பகுதியினருக்கு அச்சத்தையும் இன்னொரு பகுதியினருக்குக் கோபத்தையும் தூண்டிவிட்டு, வரக்கூடிய ஆபத்துகளை மதிப்பிடச் சொன்னார்கள். அச்சப்பட்டவர்கள் ஆபத்தைக் கூட்டிச் சொன்னார்கள். கோபப்பட்டவர்கள் குறைத்துச் சொன்னார்கள். நிகழ்வு ஒன்றே, இரண்டு உணர்வும் கசப்பானவையே, ஆனாலும் தீர்ப்பு எதிரெதிராகப் போனது. ‘என்ன நடக்குமோ, என் கையில் எதுவும் இல்லையே’ என்பது அச்சத்தின் குரல். ‘யார் செய்தது என்று தெரியும், விடமாட்டேன்’ என்பது கோபத்தின் குரல். அந்த நிச்சயம்தான் துணிச்சலாக மாறுகிறது. அச்சத்தில் எடுத்த முடிவைவிடக் கோபத்தில் எடுத்த முடிவு நமக்குச் சரியானதாகத் தோன்றுவதும் இதனால்தான் என்று நினைக்கிறேன்.

கேள்வி: நல்ல மனநிலையில் இருந்தால் நியாயமாக நடந்துகொள்வோமா?

உறுதியில்லை. 1994-இல் போடன்ஹவுசன் குழுவினரின் ஆய்வில், மகிழ்ச்சியில் இருந்தவர்கள் ஒருவரின் குற்றத்தைத் தீர்மானிக்கும்போது, அவர் சார்ந்த கூட்டத்தைப் பற்றிய வார்ப்பு எண்ணங்களையே, அதாவது ‘இவர்கள் எல்லாரும் இப்படித்தான்’ என்ற முன்முடிவுகளையே, அதிகம் சார்ந்திருந்தார்கள்.

கேள்வி: முன்பின் தெரியாத ஒரு கூட்டத்தின் மேல் வெறுப்பு உண்டாக வெறும் கோபம் போதுமா?

என்னைத் தூங்கவிடாத ஆய்வைக் கேட்டிருக்கிறீர்கள். 2004-இல் டெஸ்டெனோ, தாஸ்குப்தா குழுவினர், ஒரு போலித் தேர்வை வைத்து ஆட்களை இரண்டு அணியாகப் பிரித்தார்கள். அந்த அணிகளுக்கு வரலாறு இல்லை, பகை இல்லை, அன்று காலையில் பிறந்தவை. பிறகு சிலரைக் கோபம் வந்த சம்பவத்தையும், சிலரைத் துக்கமான சம்பவத்தையும், சிலரைச் சாதாரண சம்பவத்தையும் எழுதச் சொன்னார்கள். அடுத்து, முகங்களையும் சொற்களையும் வேகமாக வகைப்படுத்தும் சோதனை. கோபத்தை எழுதியவர்களுக்கு மட்டும், எதிரணி முகத்தோடு கெட்ட சொல் சட்டென்று சேர்ந்தது. துக்கத்தை எழுதியவர்களிடம் அது நேரவில்லை.

2009-இல் அதே ஆய்வாளர்கள் நிஜக் கூட்டங்களை எடுத்தபோது இன்னொன்று தெரிந்தது. அருவருப்பு, ஒருபாலீர்ப்பாளர்கள் மேலுள்ள மறைமுகச் சாய்வை, அதாவது நாம் அறியாமலே மனதில் எழும் சாய்வை, கூட்டியது. கோபம் அதைக் கூட்டவில்லை. அரேபியர்கள் மேலுள்ள சாய்வைக் கோபம் கூட்டியது, அருவருப்பு கூட்டவில்லை. ஒரு கூட்டத்தைப் பற்றி ஏற்கெனவே புழங்கும் கதையோடு பொருந்தும் உணர்வுதான் அங்கே வேலை செய்கிறது. யாரை ‘அசுத்தம்’ என்றும் யாரை ‘ஆபத்து’ என்றும் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள் என்பதை இந்த ஆய்வுக்குப் பிறகு கவனித்துக் கேட்கத் தொடங்கினேன்.

கேள்வி: இணையத்தில் ஐ.ஏ.டி. (மறைமுகத் தொடர்புச் சோதனை) எழுதினேன். எனக்கு மறைமுகச் சாய்வு இருக்கிறது என்று வந்தது. நான் கெட்டவனா?

இல்லை, தம்பி. 1998-இல் கிரீன்வால்டும் சகாக்களும் வெளியிட்ட அந்தச் சோதனை, எந்த இரண்டு விஷயங்கள் உங்கள் மனதில் சீக்கிரம் சேர்கின்றன என்பதை மில்லிவிநாடியில் அளக்கிறது. நீங்கள் எப்படிப்பட்டவர் என்பதை அது அளப்பதில்லை. அதே ஆள் மறுபடி எழுதினால் மதிப்பெண் கணிசமாக மாறலாம். பலரைச் சேர்த்துப் பார்க்க உதவும் கருவி அது, தனி ஒருவருக்கு நோய் கண்டறியும் கருவி அல்ல.

கேள்வி: இந்தத் துறையில் பல ஆய்வுகள் பொய்த்துப்போயினவே?

ஆமாம், மறைக்க மாட்டேன். முதுமை தொடர்பான சொற்களைப் படித்தவர்கள் மெதுவாக நடந்தார்கள் என்ற 1996 ஆய்வை, 2012-இல் வேறொரு குழு திரும்பச் செய்தபோது அதே முடிவு வரவில்லை. அருவருப்பு நம் ஒழுக்கத் தீர்ப்பைக் கடுமையாக்கும் என்ற ஆய்வுகளை 2015-இல் தொகுத்துப் பார்த்தபோதும் விளைவு மிகச் சிறியதாகவே இருந்தது. வெளியாகாமல் போன ஆய்வுகளையும் கணக்கில் கொண்டால் ஒன்றும் மிஞ்சவில்லை. மேலே நான் சொன்ன 2004-ஆம் ஆண்டு இரண்டு அணி ஆய்விலும் பங்கேற்றவர்கள் சில நூறு பேர்கூட இல்லாத அளவுதான் என்பதை மனதில் வைத்தே படியுங்கள்.

கேள்வி: சாய்வை நீக்கும் பயிற்சி வகுப்புகள் பயன் தருமா? எங்கள் அலுவலகத்தில் ஆள் எடுக்கும் குழுவில் இருக்கிறேன்.

ஒரு வகுப்பில் நீங்காது. 2016-இல் கால்வின் லாய் குழுவினர் 9 முறைகளைச் சோதித்தார்கள். அப்போதைக்கு எல்லாமே மறைமுகச் சாய்வைக் குறைத்தன, சில மணி நேரத்திலிருந்து சில நாளுக்குள் பலன் கரைந்துவிட்டது. 492 ஆய்வுகளை அலசிய 2019-ஆம் ஆண்டுத் தொகுப்பிலும், மறைமுகச் சாய்வின் அளவு மாறியதால் நடத்தை மாறியது என்று சொல்ல ஆதாரம் கிடைக்கவில்லை.

அதனால் மனதைக் கழுவப் பார்க்காமல் முறையை மாற்றுங்கள். எல்லாரிடமும் ஒரே கேள்விகள், ஒரே வரிசையில். ஒவ்வொரு பதிலுக்கும் அங்கேயே மதிப்பெண். குழுவினர் தங்களுக்குள் பேசுவதற்கு முன்பே தனித்தனியாக எழுதிவிட வேண்டும். எரிச்சலூட்டிய கூட்டம் முடிந்த கையோடு நேர்காணலுக்கு உட்கார நேர்ந்தால், குறிப்பேட்டின் முதல் வரியில் ‘கூட்டத்தால் எரிச்சல்’ என்று எழுதிவிட்டு முதல் ஆளை உள்ளே அழையுங்கள்.