பெருமூச்சும் ஜெபம்தானா? – வாசகர் கேள்வி-பதில்

ஜெபித்தோம், பதில் வரவில்லை, இனி என்ன செய்வது? இந்த மாதம் வந்த கடிதங்களில் பல இதே இடத்தில் வந்து முட்டுகின்றன. ஒன்றுபோல் இருந்தவற்றைச் சேர்த்து, ஆறு கேள்விகளாகச் சுருக்கியிருக்கிறோம்.

கேள்வி: மூன்று ஆண்டுகளாக மகனின் நோய்க்காக ஜெபிக்கிறேன். மாற்றமே இல்லை. சுவரோடு பேசுவதுபோல் இருக்கிறது. தேவன் கேட்கிறார் என்று எதை வைத்து நம்புவது?

பதில்: உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. 'கேட்டாரா?' என்பது ஒன்று, 'செய்தாரா?' என்பது மற்றொன்று. செய்யவில்லை, ஆகவே கேட்கவில்லை என்று நாமாகவே முடிச்சுப் போட்டுவிடுகிறோம். வேதம் அப்படிப் போடவில்லை.

யாத்திராகமம் 2ஆம் அதிகாரத்தின் கடைசி மூன்று வசனங்களை (23-25) எடுத்துக்கொள்ளுங்கள். எகிப்தில் அடிமைகளாயிருந்த இஸ்ரவேல் ஜனங்கள் வேலைப் பாரத்தால் தவித்து முறையிடுகிறார்கள். யாரை நோக்கி முறையிட்டார்கள் என்றுகூட அங்கே எழுதப்படவில்லை. தேவன் கேட்டதாகச் சொல்லப்படுவதும் அவர்களுடைய பெருமூச்சைத்தான். உபவாசமோ பொருத்தனையோ அங்கே பேச்சில் இல்லை. ஆனாலும் நான்கு வினைச்சொற்கள் வரிசையாக வந்து விழுகின்றன: கேட்டார், நினைவுகூர்ந்தார், கண்ணோக்கினார், நினைத்தருளினார். இந்த நான்காவது சொல்லுக்கு எபிரெய மூலத்தில் 'அறிந்தார்' என்று பொருள். எதை அறிந்தார் என்று சொல்லாமலே அந்த வசனம் முடிந்துவிடுகிறது.

இந்த நான்கும் நடந்த அன்று எகிப்தில் என்ன மாறியது? ஒன்றும் மாறவில்லை. தங்கள் முறையீடு எட்டிவிட்டது என்று அந்த ஜனங்களுக்குத் தெரியவும் இல்லை. செய்தி முதலில் போனது மீதியானில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த மோசேக்கு. அவன் பார்வோனுக்கு முன்பாக நின்று பேசியபோது வயது 80. பேசியதன் பலன்? அடிமைகள் செய்த செங்கலுக்கு வைக்கோல் கொடுப்பதை நிறுத்தினார்கள், செங்கல் கணக்கை மட்டும் குறைக்கவில்லை (அதிகாரம் 5). 'உம்முடைய ஜனங்களை நீர் விடுவிக்கவே இல்லையே' என்று மோசேயே கேட்டுவிட்டான். மறுபடி வாக்குத்தத்தம் வந்தது. ஆனால் மனமடிவினாலும் கொடுமையான வேலையினாலும் ஜனங்கள் அதற்குச் செவிகொடுக்கவில்லை என்று 6:9 சொல்கிறது. அதற்காக அவர்களைத் தேவன் தள்ளிவிடவில்லை. அந்த இடத்தில் ஒரு கண்டிப்புச் சொல்கூட இல்லை. ஆறுதல் வசனம் எதுவுமே உள்ளே இறங்காத நாட்கள் உங்களுக்கு இருந்தால் 6:9ஐக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆக, கேட்டது முதலில். நிலைமை இன்னும் மோசமானது நடுவில். விடுதலை வெகு பின்னால். நடுவில் நிற்கிறவருக்கு முதலில் நடந்தது தெரிவதில்லை. இதை வைத்து உங்கள் மகன் சுகமாவது உறுதி என்று சொல்ல எங்களுக்கு அதிகாரம் இல்லை. அந்தப் பகுதி அப்படி வாக்குக் கொடுக்கவும் இல்லை. நிலைமை மாறாததை வைத்து அவர் கேட்கவில்லை என்று முடிவுகட்ட முடியாது. அவ்வளவுதான் இதிலிருந்து சொல்லமுடியும், ஆனால் அது சின்ன விஷயம் அல்ல.

செய்துபார்க்க ஒன்று. 'மகனைச் சுகமாக்கும்' என்ற ஒரே வரியை மூன்று ஆண்டுகள் சொன்னால் வாய்க்குப் பழகிவிடும், மனம் கழன்றுகொள்ளும். சுவரோடு பேசுகிற உணர்வுக்குப் பாதிக் காரணம் இதுவாக இருக்கலாம். அந்த வரியை விடவேண்டாம். அதற்கு முன்னால் அன்றன்று நடந்ததை ஒன்று சொல்லுங்கள்: 'நேற்று இரவு இரண்டு மணிக்குத் தண்ணீர் கேட்டான். கை நடுங்கியதால் டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. அதைப் பாரும்.' பொதுவான வேண்டுதலை விட, நேரமும் கையும் டம்ளரும் உள்ள வேண்டுதலில் மனம் தங்கும். மருந்தும் மருத்துவரும் இதற்குப் போட்டி இல்லை, அவற்றை நிறுத்தாதீர்கள்.

கேள்வி: தேவனிடம் குறை சொல்வது பாவம் அல்லவா? வனாந்தரத்தில் முறுமுறுத்தவர்கள் தண்டிக்கப்பட்டார்களே?

பதில்: எண்ணாகமம் 11ஆம் அதிகாரத்தை ஒரே மூச்சில் வாசியுங்கள். முதல் வசனத்தில் ஜனங்கள் முறையிட, பாளயத்தின் கடைசியில் அக்கினி பற்றி எரிகிறது. அதே அதிகாரம் 11 முதல் 15 வரை மோசே பேசுவதையும் பாருங்கள்: ஏன் எனக்கு உபத்திரவம் வருவித்தீர், இந்த ஜனங்களையெல்லாம் நானா பெற்றேன், இப்படிச் செய்வதைவிட என்னைக் கொன்றுபோடும். ஜனங்கள் பேசியதைவிட இது காரமான பேச்சு. மோசேக்கு அக்கினி வரவில்லை. பாரத்தைச் சுமக்க 70 மூப்பர்கள் கிடைத்தார்கள்.

எங்கள் வாசிப்பில் வித்தியாசம் திசையில் இருக்கிறது. ஜனங்கள் தேவனைப் பற்றி ஒருவருக்கொருவர் பேசி அழுதார்கள். மோசே அவரிடமே பேசினான். முதுகுக்குப் பின்னால் பேசுவது முறுமுறுப்பு, முகத்துக்கு நேரே சொல்வது முறையீடு. முறையிட எப்படித் தொடங்குவது என்று தெரியாதவர்களுக்கு 13ஆம் சங்கீதம் நல்ல அச்சு. ஆறே வசனங்கள்தான்.

முதல் இரண்டு வசனங்களில் 'எதுவரைக்கும்' என்று நான்கு தடவை வருகிறது. அவை மூன்று பக்கம் பார்க்கின்றன: நீர் எதுவரைக்கும் மறந்திருப்பீர், நான் எதுவரைக்கும் தவிப்பேன், சத்துரு எதுவரைக்கும் உயருவான். ஒரு தாளில் நீர், நான், அவர்கள் என்று மூன்று தலைப்புப் போட்டு, ஒவ்வொன்றின் கீழும் இரண்டு வரி எழுதுங்கள். 'நீர்' என்பதன் கீழே எழுதத்தான் கை தயங்கும். அந்த வரியை விட்டுவிட்டால் மீதி வெறும் நாட்குறிப்பு. அடுத்த இரண்டு வசனங்கள் வேண்டுதலும் காரணமும்: நோக்கிப்பாரும், செவிகொடும், இல்லாவிட்டால் இன்னது நேர்ந்துவிடும். இங்கே ஒன்றே ஒன்று கேளுங்கள், ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லுங்கள். கடைசி இரண்டு வசனங்களில்தான் 'நானோ உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன்' என்பது வருகிறது. நான்காம் வசனத்துக்கும் ஐந்தாம் வசனத்துக்கும் நடுவில் நிலைமை மாறியதாக ஒரு எழுத்தும் இல்லை.

பலர் சறுக்குவது இந்த ஐந்தாம் வசனத்தில்தான். முறையீடு ஒரு வரி வந்ததும் மனம் பதறி, நேராக நம்பிக்கைக்குத் தாவி ஆமென் போட்டுவிடுகிறோம். அன்றைக்கு நான்காம் வசனம் வரைதான் மனசாட்சியோடு சொல்லமுடிகிறது என்றால் அங்கேயே நிறுத்தி, தாளில் தேதி போட்டு வையுங்கள். நாளை அதே தாளிலிருந்து தொடரலாம். பத்து நிமிடத்துக்கு மேல் இழுக்கவும் வேண்டாம். அதற்குப் பிறகு எழுதுவது பெரும்பாலும் முறையீடாக இருக்காது, சொன்னதையே சுற்றிச் சுற்றி மெல்லுவதாக இருக்கும்.

கேள்வி: முழங்காலில் நின்றால் வார்த்தையே வருவதில்லை. அழுகைதான் வருகிறது. சில நாட்கள் அதுவும் வருவதில்லை.

பதில்: பிள்ளை வேண்டி ஜெபித்த அன்னாளுக்கும் சத்தம் வரவில்லை, உதடுகள் மட்டும் அசைந்தன (1 சாமுவேல் 1:13). பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆசாரியன் ஏலி அவள் குடித்து வெறித்திருக்கிறாள் என்று நினைத்தான். ஆசாரியனுக்கே புரியாத அந்த ஜெபம் போகவேண்டிய இடத்துக்குப் போய்விட்டது. வேண்டிக்கொள்ளத் தெரியாதபோது ஆவியானவர் வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு வேண்டுதல் செய்கிறார் என்று ரோமர் 8:26 சொல்வதும் இதே நிலையைத்தான். வார்த்தை வராத நாளில் ஒரு சங்கீதத்தை வாய்விட்டு மெதுவாக வாசித்தால் போதும். சொந்த வார்த்தை சேர்த்தாகவேண்டும் என்று கட்டாயம் இல்லை.

அதற்கு முன்னால் உடம்பைக் கவனியுங்கள். தீர்க்கதரிசி எலியா சூரைச்செடியின் கீழே 'போதும் கர்த்தாவே' என்று சாகக் கேட்டபோது (1 இராஜாக்கள் 19) அவனுக்கு உடனே உபதேசம் வரவில்லை. தூக்கம், சுட்ட அடை, தண்ணீர், மறுபடி தூக்கம், மறுபடி சாப்பாடு. பிறகு 40 நாள் நடை. தேவன் பேசிய மெல்லிய சத்தம் அதற்கும் பிறகுதான். தூங்காமல், சாப்பிடாமல் ஜெபிக்க முயன்று வரவில்லை என்று வருந்துகிறவர்கள் இந்த வரிசையைக் கவனிக்கவேண்டும்.

இரண்டு வாரத்துக்கு மேலாக எதிலும் மனம் ஒட்டாமல், தூக்கமும் பசியும் கெட்டிருந்தால் மருத்துவரைப் பாருங்கள். அது அவிசுவாசம் அல்ல. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் இன்றே, தனியாக இருக்காமல், நம்பிக்கையான ஒருவரிடம் அதை அதே வார்த்தையில் சொல்லி, அவர் துணையோடு மருத்துவரிடம் போங்கள். ஜெபம் வழியிலும் நடக்கும்.

கேள்வி: 'உனக்கு விசுவாசம் போதாது, மறைவான பாவம் ஏதோ இருக்கிறது' என்று சபையில் ஒருவர் சொன்னார். இரவெல்லாம் அதைத் தேடிக்கொண்டே இருக்கிறேன்.

பதில்: தேடுவதை நிறுத்துங்கள். பவுல் தன் மாம்சத்தில் இருந்த முள்ளுக்காக மூன்று தரம் வேண்டிக்கொண்டான், முள் போகவில்லை (2 கொரிந்தியர் 12:8-9). பவுலுக்கு விசுவாசம் போதவில்லை என்று சொல்ல அந்த நபர் துணிவாரா? பிறவிக்குருடனைக் குறித்து, இவன் செய்த பாவமா, பெற்றவர்கள் செய்ததா என்று சீஷர்கள் கேட்டபோது இரண்டும் இல்லை என்றே பதில் வந்தது (யோவான் 9:3). துன்பத்தில் இருந்த யோபுவிடம் இதே பேச்சைப் பல அதிகாரங்களுக்குப் பேசிய நண்பர்கள்தான் கடைசியில் கர்த்தரிடம் வாங்கிக்கட்டிக்கொண்டார்கள் (யோபு 42:7). உங்களுக்கே தெரிந்த ஒரு தவறு இருந்தால் அறிக்கையிட்டு, சரிசெய்ய முடிந்ததைச் சரிசெய்யுங்கள். தெரியாத ஒன்றைத் துருவித் துருவிக் கண்டுபிடிக்கச் சொல்லி வேதம் உங்களை அனுப்பவில்லை.

கேள்வி: என் கணவர் பிழைக்கவேண்டும் என்று ஜெபித்தோம். அவர் போய்விட்டார். அந்த ஜெபம் கேட்கப்படவில்லை என்றுதானே அர்த்தம்?

பதில்: இயேசு கண்ணீரோடு வேண்டுதல் செய்து 'கேட்கப்பட்டார்' என்று எபிரெயர் 5:7 சொல்கிறது. கெத்செமனேயில் அவர் நீங்கும்படி கேட்ட பாத்திரம் நீங்கவில்லை, மறுநாள் சிலுவை. ஆனாலும் அந்த நிருபம் 'கேட்கப்பட்டார்' என்றே எழுதுகிறது. மரணம் நடந்துவிட்டதால் ஜெபம் கேட்கப்படவில்லை என்ற கணக்கு அவருடைய ஜெபத்துக்கே ஒத்துவரவில்லை.

இதற்குமேல் விளக்கம் சொல்ல எங்களுக்கு மனம் இல்லை. யோவான் 11இல் சகோதரன் லாசருவை இழந்த மார்த்தாளும் மரியாளும் ஒரே வாக்கியத்தைத்தான் இயேசுவிடம் சொல்கிறார்கள்: நீர் இங்கே இருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான் (21, 32). லாசருவின் நோயைப் பற்றிய செய்தி கிடைத்த பிறகும் இரண்டு நாள் தங்கிவிட்டு வந்தவரிடம் அப்படிச் சொல்ல அவர்களுக்குக் காரணம் இருந்தது. மார்த்தாளுக்கு உயிர்த்தெழுதலைப் பற்றிய வார்த்தை கிடைத்தது. அதே வாக்கியத்தைச் சொன்ன மரியாளுக்கு வார்த்தை இல்லை. அவர் கலங்கினார், கண்ணீர் விட்டார். அந்த வாக்கியத்தை நீங்களும் சொல்லலாம், எத்தனை முறை வேண்டுமானாலும். உங்களுக்கு விளக்கம் சொல்ல வருகிறவர்களிடம் 'இப்போது வேண்டாம்' என்றும் சொல்லலாம்.

கேள்வி: துக்கத்தில் இருக்கும் தோழியைப் பார்க்கப் போகிறேன். என்ன சொல்வது?

பதில்: யோபுவின் நண்பர்கள் உருப்படியாகச் செய்தது முதல் ஏழு நாள்தான், ஒரு வார்த்தையும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள் (2:13). போய் உட்காருங்கள். 'எல்லாம் நன்மைக்கே', 'கர்த்தருக்குத் தேவைப்பட்டார்', 'உன்னைவிடக் கஷ்டப்படுகிறவர்கள் இருக்கிறார்கள்' என்ற மூன்றையும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். 'ஏதாவது வேண்டுமானால் சொல்' என்றால் யாரும் சொல்லமாட்டார்கள். 'வியாழக்கிழமை பிள்ளைகளை நான் கூட்டிக்கொண்டு வருகிறேன்' என்று நாளையும் வேலையையும் சொல்லுங்கள். ஜெபிக்கவேண்டுமா என்று கேளுங்கள். சரி என்றால் நான்கைந்து வாக்கியம் போதும், அவளுக்குப் பாடம் நடத்தும் வாக்கியம் அதில் ஒன்றுகூட வேண்டாம். இன்னொன்று: முதல் வாரம் எல்லோரும் வருவார்கள். இரண்டாம் மாதத்துக்கு ஒரு தேதியை இப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

பின்குறிப்பாக, 88ஆம் சங்கீதத்தைச் சபையில் வாசிக்கலாமா என்று ஒரு அஞ்சலட்டை வந்திருக்கிறது. தாராளமாக வாசிக்கலாம். அதன் தலைப்பிலேயே இராகத்தலைவனுக்கு என்று இருக்கிறது, அதாவது கூடிப் பாடுவதற்கென்றே கொடுக்கப்பட்டது. 18 வசனங்களில் மூன்று இடங்களில் (1, 9, 13) அந்த மனிதன் கூப்பிடுகிறான், பதில் எதுவும் பதிவாகவில்லை. எபிரெய மூலத்தில் கடைசிச் சொல் 'இருள்'. வாசித்து முடித்ததும் ஒரு நிமிடம் அப்படியே விட்டுவிடுங்கள். பாடகர் குழுவிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், பழக்கதோஷத்தில் உடனே துதிப்பாட்டை எடுத்துவிடுவார்கள்.