மேல்நிலைப் பள்ளியில் படிக்கிறேன். எழுத்துப்பிழையும் சந்திப்பிழையும் குறைய என்ன செய்யலாம்?

நன்றாகப் பேசுகிறேன், நிறையப் படிக்கவும் செய்கிறேன், ஆனால் எழுதிக் கொடுத்தால் தாள் முழுக்கச் சிவப்பு மை என்று கேட்டிருக்கிறீர்கள். இலக்கணப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படிக்க வேண்டுமா என்பது உங்கள் இரண்டாவது கேள்வி. வேண்டாம். அப்படித் தொடங்கினால் சார்பெழுத்து வகைகளைத் தாண்டுவதற்குள் அலுத்துவிடும்.

நான் மெய்ப்பு பார்க்கும், அதாவது அச்சுக்கு முன் பிழை திருத்தும் வேலையில் இருக்கிறேன். அதில் கண்டது இது: ஒருவருக்கு எல்லாப் பிழையும் வருவதில்லை. இரண்டு மூன்று வகைதான், அதுவே திரும்பத் திரும்ப வரும். அதனால் திருத்தித் தந்த பழைய விடைத்தாள்களை எடுத்து, உங்கள் பிழை எந்த வகை என்று முதலில் பிரித்துப் பாருங்கள். ல-ள-ழ குழப்பமா, ஒற்று விடுவதா, ஒருமை பன்மையா? வராத பிழைக்கு மருந்து தேட வேண்டியதில்லை.

பெரும்பாலோருக்கு ல-ள-ழ, ன-ண, ர-ற குழப்பம்தான் பெரிது. பேச்சில் ழ-வும் ள-வும் பலர் வாயில் ஒன்றாகிவிட்டன, ன-வும் ண-வும் அப்படியே. ஆகவே காதை நம்பி எழுத முடியாது. ஒவ்வொரு சொல்லாக மனப்பாடம் செய்வதும் தீராத வேலை. எழுத்துகளைக் குடும்பம் குடும்பமாகப் பிடியுங்கள். ல, ன, ற ஒரு குடும்பம். ள, ண, ட இன்னொரு குடும்பம். சொல் உருமாறும்போது தன் குடும்பத்துக்குள்தான் மாறும். கொல் என்பது கொன்றான் ஆகும், கொள் என்பது கொண்டான் ஆகும். பொன்னிலிருந்து பொற்காலம், மண்ணிலிருந்து மட்பாண்டம்.

இது எப்படி உதவும் என்றால், முயற்சியா முயர்ச்சியா என்று கை நிற்கும்போது வினையைத் தேடுங்கள். முயல். ல் இருக்கிறது, எனவே ற்: முயற்சி. பயில், பயிற்சி. ஆள், ஆட்சி. நீள், நீட்சி. ஆனால் வளர், உணர், தேர் என்பவற்றில் இருப்பதே ர் என்பதால் அது மாறாமல் நிற்கும்: வளர்ச்சி, உணர்ச்சி, தேர்ச்சி. ழ் உள்ள வினைக்கும் ஓர் அடையாளம் உண்டு. வாழ்ந்தான், வீழ்ந்தான், மகிழ்ந்தான், சூழ்ந்தது என்று இறந்தகாலத்தில் ந்த் வரும். ள் அப்படி வராது. அது ஆண்டான் என்றோ கேட்டான் என்றோ திரும்பிவிடும். ஆக, ‘வாள்ந்தான்’ என்று ஒரு சொல் தமிழில் இருக்கவே வழியில்லை.

இதே கையோடு இன்னொன்று. ட், ற் என்ற இரண்டு எழுத்துகளுக்கும் பின்னால் இன்னொரு புள்ளி எழுத்து வராது. முயற்ச்சி, அதற்க்கு, கட்ச்சி, நட்ப்பு என்று எழுதுகிறார்களே, எல்லாம் இந்த ஒரு விதியை விட்டதால் வருபவை. முயற்சி, அதற்கு, கட்சி, நட்பு, அவ்வளவுதான். ர், ழ், ய் ஆகியவற்றுக்குப் பின் வரலாம்: பார்த்து, வாழ்க்கை, காய்ச்சல். வளர்ச்சியைப் பார்த்துப் பழகிய கைதான் முயற்சிக்கும் ஒரு ச் சேர்த்துவிடுகிறது. அப்புறம், ட-வுக்கு முன் ண் (வண்டு), ற-வுக்கு முன் ன் (கன்று), த-வுக்கு முன் ந் (பந்து). பிறமொழிச் சொற்களில் இது தவறும், அவற்றை விட்டுவிடுங்கள்.

அரை-அறை, கரை-கறை, இரை-இறை போன்றவற்றுக்குக் குறுக்கு வழி எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை. பட்டியலாகப் படிக்காமல், ‘அறையில் அரை மணி நேரம் இருந்தேன்’ என்பதுபோல வாக்கியத்தில் வைத்து எழுதிப் பழகுங்கள்.

சரி, சந்தி. அதாவது க, ச, த, ப வரிசையில் தொடங்கும் சொல்லுக்கு முன் க், ச், த், ப் என்ற ஒற்றைப் போடுவதா விடுவதா என்பது. இதில் நூற்றுக்கணக்கான விதி இருப்பதுபோல பயமுறுத்துவார்கள். நீங்கள் நான்கு இடத்தைப் பிடித்தால் போதும். அந்த, இந்த, எந்த, அப்படி, இப்படி என்பவற்றுக்குப் பின் ஒற்று வரும்: அந்தப் பையன், இப்படிச் சொன்னான். ஐ உருபுக்குப் பின் வரும்: கதையைக் கேட்டான். கு உருபுக்குப் பின் வரும்: பள்ளிக்குப் போனான். நான்காவது வினையெச்சம். அதில்தான் எல்லோரும் சறுக்குவார்கள். ‘படித்துப் பார்த்தான்’ சரி, ஆனால் ‘வந்துப் பார்த்தான்’ தவறு. இரண்டுமே து-வில்தானே முடிகின்றன என்று தோன்றும். து-வுக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். த்து, ட்டு, ற்று என வல்லெழுத்து இரட்டித்திருந்தால் ஒற்று மிகும்: எடுத்துக் கொடுத்தான், கேட்டுச் சொன்னான், விற்றுத் தீர்த்தான். ந்து, ண்டு, ன்று என்றாலும், செய்து என்பதுபோல இருந்தாலும் மிகாது: வந்து பார்த்தான், சென்று கேட்டான், செய்து கொடுத்தான். அ, இ, ய் என முடியும் வினையெச்சங்களில் மிகும்: வரச் சொன்னான், ஓடிப் போனான், போய்ப் பார்த்தான்.

பெயரெச்சத்தில் மட்டும் கை நிற்க வேண்டும். படித்த புத்தகம், வந்த பையன். இங்கே ஒற்று போட்டால் பொருளே மாறக்கூடும். ‘தந்த பலகை’ என்றால் யாரோ கொடுத்த பலகை, ‘தந்தப் பலகை’ என்றால் யானைத் தந்தத்தால் ஆனது. சந்தேகம் வந்தால் எல்லா இடத்திலும் ஒற்றைப் போட்டுவிடும் பழக்கம் சிலருக்கு உண்டு. விடுவதைவிட அது மோசம் என்பது என் கருத்து. வாழ்த்துகளா வாழ்த்துக்களா என்ற சண்டையில் இப்போதைக்கு இறங்காதீர்கள். பெரியவர்களே இன்னும் முடிக்கவில்லை.

வாக்கியப் பிழையில் எழுவாயும் பயனிலையும் ஒட்டாமல் போவதே அதிகம். ‘மாணவர்கள் கொண்டுவந்த பொருள்கள் மேசையில் வைக்கப்பட்டது.’ எழுவாய் எங்கே? பொருள்கள். எனவே வைக்கப்பட்டன. வாக்கியம் நீளும்போதுதான் இது நடக்கும், அதனால் நீளமான வாக்கியத்தை முடித்ததும் பயனிலையிலிருந்து பின்னோக்கி எழுவாயைத் தேடுங்கள்.

பயிற்சி என்றால் நான் ஒன்றுதான் சொல்வேன். நன்றாகத் திருத்தி அச்சிட்ட ஒரு நூலில் ஒரு பத்தி எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வாக்கியம் படித்து, புத்தகத்தை மூடிவிட்டு எழுதுங்கள், பிறகு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். வெறுமனே பார்த்து எழுதினால் கை மட்டும்தான் வேலை செய்யும். பிழையானதைக் குறிப்பேட்டில் எழுதி வைக்காதீர்கள், சரியான வடிவத்தை மட்டும் எழுதுங்கள். தவறான வடிவம் கண்ணில் படப்பட அதுவே பழகிவிடும்.

அகராதிக்கு, 1992இல் முதலில் வெளிவந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி நல்லது. வினைக்குப் பக்கத்திலேயே அதன் எச்ச வடிவங்களையும் தருவதால் மேலே சொன்ன குடும்பம் கண்ணில் படும். கைப்பேசியில் ஆங்கில எழுத்தைத் தட்டி, முதலில் வரும் பரிந்துரையைத் தொட்டுவிட்டுப் போகும் பழக்கத்தை முடிந்தால் விடுங்கள். அதில் எந்த ‘ன’ என்பதை நீங்கள் முடிவு செய்வதே இல்லை. தமிழ்99 விசைப்பலகையில் ந, ன, ண மூன்றுக்கும் தனித்தனி விசை. தொடக்கத்தில் வேகம் குறையும், பரவாயில்லை.

தேர்வுக் கடிதத்தில் ‘அனுப்புனர்’ என்று எழுதாதீர்கள். அனுப்பு, பெறு, ஓட்டு, இயக்கு என்று ஏவலோடு ‘நர்’ சேர்வதால் அனுப்புநர், பெறுநர், ஓட்டுநர், இயக்குநர். உறுப்பினர் வேறு, அது உறுப்பு என்ற பெயரோடு ‘இனர்’ சேர்ந்தது.