மேடையில் தந்த வாக்குறுதி: எம்.எல்.ஏ. மீது வழக்குப் போட முடியுமா?

கேள்வி: டெல்டாவில் ஒரு சிறிய ஊர் எங்களுடையது. கடந்த சட்டமன்றத் தேர்தலில் ஒரு வேட்பாளருக்காக நாங்கள் முப்பது பேர் வீடு வீடாக ஏறி இறங்கினோம். என் அண்ணன் பூத் ஏஜென்ட்டாகவே உட்கார்ந்தார். "நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டைக்குக் கமிஷன் என்ற பேச்சே இருக்காது, அதற்கு நான் பொறுப்பு" என்று எங்கள் ஊர் மேடையில் அவர் பேசிய வீடியோ இருக்கிறது. ஜெயித்துவிட்டார். இரண்டு போகம் அறுத்தாகிவிட்டது, கமிஷன் அப்படியே இருக்கிறது. கேட்டால் "பார்க்கிறேன்" என்கிறார். டெல்லியில் இப்படி ஒரு தீர்ப்பு வந்திருப்பதாகவும், ஆளுக்கு 500 ரூபாய் போட்டால் இங்கேயும் வழக்குப் போடலாம் என்றும் ஒருவர் சொல்கிறார். போடலாமா? அவர் நம்ம ஆள், பகைத்துக்கொள்ளவும் மனமில்லை.

பதில்: முதலில் அந்த 500 ரூபாயைக் கொடுக்காதீர்கள். மற்றதை அப்புறம் பேசுவோம்.

டெல்லித் தீர்ப்பு என்று அவர் சொல்வது பொய் இல்லை, பாதிக் கதை. பணம் பிடுங்க அதுதான் வசதி. முழுக் கதை இது. 2020 மார்ச் 29, ஊரடங்கு தொடங்கிய வாரம். வாடகை கொடுக்க முடியாத ஏழைகளின் வாடகையை அரசே கொடுக்கும் என்று அப்போதைய டெல்லி முதலமைச்சர் கேஜ்ரிவால் செய்தியாளர்களிடம் சொன்னார். பணம் வரவில்லை. கூலி வேலை செய்யும் சிலர் உயர் நீதிமன்றம் போனார்கள். 2021 ஜூலையில் தனி நீதிபதி, முதலமைச்சர் இப்படித் தந்த வாக்குறுதி செயல்படுத்தத்தக்கதுதான், ஆறு வாரத்தில் அரசு முடிவெடுக்க வேண்டும் என்றார். 500 ரூபாய் கேட்பவர் கதையை இங்கே நிறுத்திவிடுகிறார். அதே ஆண்டு செப்டம்பரில் இரண்டு நீதிபதிகள் அமர்வு அந்தத் தீர்ப்புக்குத் தடை விதித்தது.

சரி, தடையே இல்லை என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் உங்களுக்கு அது உதவாது. அங்கே பேசியவர் பதவியில் இருந்த முதலமைச்சர். அரசுப் பணத்தைப் பற்றி, இன்னாருக்கு இன்னது என்று சொன்னவர். உங்கள் மேடையில் பேசியவர் அன்று வெறும் வேட்பாளர். 'ஜெயித்த பிறகு பாராட்டு விழாவிலும் சொன்னாரே' என்பீர்கள். அதுவும் சேராது. கொள்முதல் நிலையத்தில் கணக்கு எழுதும் பட்டியல் எழுத்தரை எடுக்கவோ வைக்கவோ எம்.எல்.ஏ.வுக்குச் சட்டப்படி அதிகாரம் இல்லை. அதிகாரம் இல்லாதவர் சொன்ன சொல்லை நிறைவேற்று என்று எந்த நீதிமன்றமும் உத்தரவு போடாது. தேர்தல் அறிக்கையில் தரும் வாக்குறுதி ஊழல் நடவடிக்கை ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2013இல் சொல்லிவிட்டது. நம் ஊர் இலவச டி.வி. பற்றிய வழக்குதான் அது. எம்.எல்.ஏ.வைத் திரும்ப அழைக்கும் சட்டமும் நம்மிடம் கிடையாது. ஆக, கோர்ட் கதவை மறந்துவிடுங்கள்.

அந்த வீடியோவுக்கு மதிப்பே இல்லையா என்றால், இருக்கிறது. மேடைப் பேச்சைச் சட்டமன்றப் பேச்சாக மாற்ற வைப்பதற்கு அது உதவும். பலருக்குத் தெரியாத விஷயம்: சட்டமன்றத்தில் 'அரசு உறுதிமொழிக் குழு' என்று ஒன்று இருக்கிறது. அவையில் எழுந்து ஓர் அமைச்சர் 'இதைச் செய்கிறோம்' என்று சொன்னால் அது குறிப்பில் ஏறும். செய்தார்களா இல்லையா என்று இந்தக் குழு துறையைக் கேட்கும், மாவட்டங்களுக்கு நேரிலும் வரும். மேடையில் சொன்னதற்கு இப்படிக் கேட்க ஆள் கிடையாது.

ஆகவே உங்கள் எம்.எல்.ஏ.விடம் 'கமிஷனை ஒழியுங்கள்' என்று கேட்காதீர்கள். 'உணவுத் துறை மானியக் கோரிக்கை விவாதத்திலோ, கேள்வி நேரத்திலோ இதை எழுப்புங்கள்' என்று கேளுங்கள். அது அவர் கையில் இருக்கிற வேலை, தட்டிக்கழிப்பது கடினம். கேள்வியையும் நீங்களே எழுதிக் கொடுங்கள். 'முறைகேடுகளைக் களைய அரசு நடவடிக்கை எடுக்குமா?' என்று கேட்டால் 'எடுத்து வருகிறது' என்று பதில் வரும், கதை முடிந்தது. 'இன்ன ஊர் நிலையத்தில், குறுவைக் கொள்முதல் தொடங்கும் முன், எடை போடும் இடத்தில் கேமராவும், விவசாயி எந்தப் பணமும் தரவேண்டாம் என்ற பலகையும் வைக்கப்படுமா?' என்று கேட்க வையுங்கள். ஆம், இல்லை என்ற இரண்டு பதிலுக்குத்தான் அதில் இடம்.

ஆதாரம் இல்லாமல் போகாதீர்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் (ஆர்.டி.ஐ.) 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, கொள்முதல் நிலையங்களை நடத்தும் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் மண்டல அலுவலகத்துக்கு மனு போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். 'ஏன் கமிஷன் வாங்குகிறார்கள்?' என்று கேட்டால் குப்பைக்குப் போகும். கோப்பில் இருப்பதைத்தான் கேட்க முடியும்: இரண்டு போகத்தில் தேதிவாரியாக எத்தனை மூட்டை வாங்கினார்கள், சுமைதூக்குபவர்களுக்கு எவ்வளவு கூலி கொடுத்ததாகக் கணக்கு, நிலையத்தின் மேல் எத்தனை புகார், ஒவ்வொன்றிலும் என்ன செய்தார்கள். அவற்றின் நகல் வேண்டும் என்று எழுதுங்கள். பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு, அதுவும் நடக்காவிட்டால் தகவல் ஆணையம். ஆணையத்தில் உங்கள் முறை வருவதற்குள் இன்னும் எத்தனை அறுவடை முடியுமோ! அதனால்தான் மனுவை இப்போதே போடச் சொல்கிறேன்.

மனு என்றதும் ஞாபகம் வருகிறது. பல வருடம் முன்பு இதே மாதிரி ஒரு புகாரை முந்நூறு கையெழுத்தோடு ஒரு பெரிய அலுவலகத்தில் கொடுத்தேன். 'உரிய நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டுள்ளது' என்று கடிதம் வந்தது. மேலிருந்து கீழே, கீழிருந்து இன்னும் கீழே போய், கடைசியில் யார் மேல் புகாரோ அவரே 'புகாரில் உண்மை இல்லை' என்று எழுதி அனுப்பியிருந்தார். முந்நூறு பேரின் பெயரும் ஊரும் அவர் மேசையில். அதன்பிறகு கையெழுத்து இயக்கம் என்றாலே எனக்கு எரிச்சல்தான்.

இப்போது ஆட்கள் விஷயம். உங்கள் கதையில் எனக்குக் கவலை எம்.எல்.ஏ. இல்லை, சுற்றி வரப்போகிறவர்கள். வழக்குக்குப் பணம் பிரிப்பவர் முதல் ஆள். அடுத்து 'மனித உரிமை' என்று கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு ஒருவர் வருவார். அட்டைக்கு ஒரு விலை சொல்வார். அந்த அட்டையை எந்த அலுவலகமும் மதிக்க வேண்டியதில்லை. பிறகு ஓர் 'ஆர்.டி.ஐ. ஆர்வலர்'. நீங்கள் வாங்கிய தகவலை வைத்து அவர் தனியாகப் பேரம் முடித்துக்கொள்வார். பிறகு எம்.எல்.ஏ.வின் உதவியாளர் என்று சொல்லிக்கொள்பவர். 'அண்ணனிடம் நான் பேசுகிறேன்' என்பார். மனுவை அவர் கையில் கொடுத்தால் அதோடு சரி.

எல்லாரையும்விட ஆபத்து, போராட்டத்தில் உங்களைவிடச் சத்தமாகக் கோஷம் போடும் நெல் வியாபாரி. வெளியே மலிவாக வாங்கிய நெல்லை விவசாயி பெயரில் நிலையத்தில் போடுவதற்கு அவருக்கு உங்கள் நில ஆவணங்களான சிட்டா, அடங்கல் வேண்டும். கமிஷன் அவருக்கும் தலைவலிதான், ஆனால் நிலையம் ஒழுங்காக நடந்தால் அவர் தொழிலே போய்விடும். உங்கள் முப்பது பேரில் யாராவது அவருக்குச் சிட்டா கொடுத்திருந்தால், தயவுசெய்து அப்படிக் கொடுத்தவரை முன்வரிசையில் நிறுத்தாதீர்கள். எதிர்த்தரப்பு முதலில் அவரைத்தான் பிடிக்கும்.

'நாங்களும் கமிஷன் கொடுத்திருக்கிறோமே, மாட்டுவோமா?' என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மனதில் இருக்கும். கட்டாயத்தால் கொடுத்தவர் 7 நாளுக்குள் புகார் செய்தால் அவர் மேல் குற்றம் இல்லை என்று ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தம் சொல்கிறது. அதைவிட, அடுத்த போகத்தில் கேட்கும்போதே, கொடுக்கும் முன்பே, லஞ்ச ஒழிப்புத் துறைக்குப் போவது நல்லது.

பகைமை பற்றிக் கேட்டீர்கள். அவரைப் பார்க்கப் போகும்போது சால்வை வேண்டாம், போட்டோ வேண்டாம். சால்வையோடு போனால் நீங்கள் வாழ்த்த வந்த கூட்டம் ஆகிவிடுவீர்கள். ஐந்து பேர் போதும். பூத்தில் உட்கார்ந்த உங்கள் அண்ணன் கட்டாயம் வேண்டும், அவரை மறந்துவிட்டதாக எம்.எல்.ஏ. நடிக்க முடியாது. ஒரு பக்கத் தாளில் கேள்வி, அதனோடு ஆர்.டி.ஐ. பதிலின் நகல். ஆகஸ்ட் 15 கிராம சபையில் இதே கோரிக்கையைத் தீர்மானமாகப் போட முடிந்தால் அதன் நகலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குறுவை அறுவடை அதற்குப் பிறகுதானே.

வீடியோவை இரண்டு மூன்று போன்களில் பத்திரமாக வையுங்கள். ஃபேஸ்புக்கில் போட்டுவிடாதீர்கள், இப்போதைக்கு. அவர் சட்டமன்றத்தில் பேசுகிறாரா என்று முதலில் பார்ப்போம்.