ஏற்றத்தில் முந்தும் மகளும் ஓரத்தில் எழுதிய கணக்கும்

மதிப்பிற்குரிய அம்மா,

வணக்கம். படிப்பை விட்டுவிட்டுச் சைக்கிள் பந்தயமே கதி என்று மகள் போய்விடுவாளோ என்று நீங்கள் கவலையோடு எழுதியிருந்ததைப் படித்தேன். சென்ற வாரம் அவள் என் மேசையில் விரித்துக் காட்டிய தாளில், எட்டு விழுக்காடு சரிவுள்ள ஏற்றத்தில் 20 நிமிடம், மிதிக்கும் திறன் சராசரி 240 வாட், உடல் எடை 52 கிலோ என்று இருந்தது. கிலோவுக்கு 4.6 வாட். பதினேழு வயதில் இது தள்ளிவிடக்கூடிய எண் அன்று. ஆனால் அதே தாளின் ஓரத்தில், பென்சிலால், "48 கிலோ என்றால் 5.0" என்று பொடி எழுத்தில் ஒரு கணக்கும் இருந்தது. அவள் சைக்கிள் ஓட்டுவதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. அந்த ஓரத்துக் கணக்குதான் என்னைக் கவலைப்படுத்துகிறது.

சமதளத்தில் வேகமாகச் செல்லும்போது வீரரின் ஆற்றலில் பெரும்பகுதி காற்றைக் கிழிப்பதற்கே செலவாகிறது. முன்னால் செல்பவரை ஒட்டிச் சென்றால் அதில் கணிசமாக மிச்சப்படுத்தலாம். ஏற்றத்தில் வேகம் குறைந்துவிடுவதால் அந்த ஆதாயம் சுருங்கி, அவரவர் எடையை அவரவரே மேலே தூக்கிச் செல்ல வேண்டியதாகிறது. அதனால்தான் ஏற்றத்தில் சிறப்பவர்களைக் கிலோவுக்கு எத்தனை வாட் என்று அளக்கிறார்கள். உலகின் முன்னணி ஆண்கள் அரை மணி நேரம் வரை கிலோவுக்கு 6 வாட்டுக்கு மேலும், பெண்கள் 5 வாட்டுக்கு மேலும் தாக்குப்பிடிக்கிறார்கள். ஆயினும் களைப்பில்லாத காலையில் ஒரு குன்றில் கிடைக்கும் எண் வேறு. நான்கு மணி நேரம் ஓட்டிய பிறகு, தொடர்ந்து ஏழாவது நாளில், கடைசி ஏற்றத்தில் கிடைக்கும் எண் வேறு. அணிகள் தேடுவது இந்த இரண்டாவது எண்ணைத்தான். அது பல ஆண்டுப் பயிற்சியாலும் போதிய உணவாலும் மட்டுமே வளரும்.

தாளில் 52ஐ அடித்து 48 என்று எழுதிவிடலாம்; 240 மட்டும் அப்படியே நிற்கும் என்று எதிர்பார்க்க முடியாது. வளரும் வயதில் உழைப்புக்கு ஈடான உணவு இல்லாவிட்டால் தசை கரைகிறது, மாதவிடாய் தவறுகிறது, எலும்பு அடர்த்தி குறைகிறது. ஓட்டத்தைப் போலச் சைக்கிளில் எலும்பின்மேல் உடல் எடை இறங்குவதில்லை என்பதால் எலும்பு உறுதிப்படும் வாய்ப்பும் குறைவு; அப்படிப்பட்ட உடல் சாலையில் விழுந்தால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. மூன்று மாதம் மாதவிடாய் வராவிட்டால், பந்தயத் தேதி எதுவாக இருந்தாலும், விளையாட்டு மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். பலர் முன்னிலையில் எடையைச் சொல்லிக் கண்டிக்கும் பயிற்சியாளர் எவ்வளவு பேர்பெற்றவராக இருந்தாலும் அவரிடம் அவளை விட்டுவைக்காதீர்கள்.

அடுத்து வேலையின் தன்மை. ஏற்றத்தில் வல்லவர்களில் பெரும்பாலோர் தம் அணியின் தலைவருக்கு உழைப்பதற்காகவே சம்பளம் வாங்குகிறார்கள். அமெரிக்காவின் செப் கஸ் 2023இல் இத்தாலியின் ஜிரோ போட்டியில் தம் அணித் தலைவர் ரோக்லிச்சுக்கும், டூர் டி பிரான்ஸ் போட்டியில் இன்னொரு தலைவரான விங்ககோருக்கும் மலைகளில் துணை நின்று அவர்களை வெல்ல வைத்தார். அதே ஆண்டு ஸ்பெயினின் வுவெல்டா போட்டியில் அவரே வென்றபோது, அவ்விருவரும் அடுத்த இரண்டு இடங்களில் வந்தனர். கஸ்ஸுக்குக் கிடைத்த அந்தத் திருப்பம் அரிது. தன் வெற்றியே இல்லாத பத்தாண்டுப் பணியையும் மனநிறைவோடு செய்ய முடியுமா என்று மகளைக் கேளுங்கள். அவள் பதில் வாட் கணக்கைவிட எனக்கு முக்கியமானது. ஊதியத்தைப் பொறுத்தவரை, பெண்களின் உச்சநிலை அணிகளான வேர்ல்ட் டீம்களில் 2020 முதல் குறைந்தபட்சச் சம்பளம் கட்டாயமாக்கப்பட்டுள்ளது. கீழ்நிலைக் கான்டினென்டல் அணிகளில் அந்தப் பாதுகாப்பு இல்லை.

ஏறத் தெரிந்தால் மட்டும் போதாது. 2024ஆம் ஆண்டு பெண்களுக்கான டூர் டி பிரான்ஸ், 21 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட ஆல்ப் டுவெஸ் மலையில் முடிந்தது. அந்த ஏற்றத்தில் வென்றவர் டெமி வோலரிங். ஆனால் முழுப் போட்டியையும் 4 விநாடி வித்தியாசத்தில் வென்றவர் கதர்சினா நியெவியடோமா. பல நாள் நடக்கும் அந்தப் போட்டியின் ஐந்தாம் கட்டத்தில் இலக்கை நெருங்கும்போது கீழே விழுந்து வோலரிங் இழந்த நேரம் ஒரு நிமிடத்துக்கும் மேல். கூட்டத்துக்குள் ஓட்டுவதையும், இறக்கத்தில் வளைவுக்கு முன்பே பிரேக் பிடித்து முடிப்பதையும் உங்கள் மகள் இப்போதே முறையாகக் கற்க வேண்டும். அவள் தாளில் இவற்றுக்கு ஒரு வரிகூட இல்லை.

படிப்பை நிறுத்த வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை. நெதர்லாந்தின் அன்னெமீக் வான் ஃப்ளூட்டன் கால்பந்தில் முழங்கால் காயப்பட்ட பிறகே சைக்கிளுக்கு வந்தவர். கொள்ளைநோயியலில் முதுகலைப் பட்டமும் பெற்றவர். 2022இல் பெண்களுக்கான டூர் டி பிரான்ஸை வென்றபோது அவருக்கு வயது 39. ஆகவே பதினேழில் எல்லாவற்றையும் பணயம் வைக்கும் அவசரம் வேண்டாம். விடுப்பு எடுத்துத் தொடரக்கூடிய ஒரு பட்டப்படிப்பில் சேரட்டும். 23 வயதுக்குட்பட்டோர் பிரிவின் கடைசி ஆண்டான 22 வயது வரை அவளுக்கு நேரம் கொடுங்கள். அதற்குள் சம்பளத்தோடு ஒப்பந்தம் வந்தால் படிப்பை மெதுவாக்கலாம். வராவிட்டால் பட்டம் கையில் இருக்கும். இந்தக் கெடுவை அவளும் ஒப்புக்கொண்டு வகுத்தால்தான் அது நிற்கும்.

அடுத்த சந்திப்புக்கு இருவரும் சேர்ந்தே வாருங்கள். தேர்வுக் கால அட்டவணை, பந்தயத் தேதிகள், கடைசி மருத்துவப் பரிசோதனை முடிவுகள் ஆகியவற்றோடு அந்தத் தாளையும் எடுத்துவரச் சொல்லுங்கள். பென்சில் கணக்கை அழித்துவிட வேண்டாம் என்றும் சொல்லுங்கள். அதைப் பற்றி நானே அவளிடம் பேச விரும்புகிறேன்.